நூலகரின் பிறப்பும் நூலகத்தின் பிறப்பும்: ஒரு காட்சி பற்றிய நோக்கு

நூதனசாலைகளும் நூலகங்களும் காலத்துக்குக் காலம் நடத்தும் தற்காலிகக் காட்சிகளை அந்நிறுவனங்களின் அலங்காரமாகவே பலர் கருதுவர். நிரந்தரச் சேகரிப்பே அவற்றின் உண்மையான சாதனை என்பது பொதுவான எண்ணம். ஆயின், நிரந்தரச் சேகரிப்புக் கூறாது விடுவதைத் தற்காலிகக் காட்சி கூற நேர்வதும் உண்டு. நியூயோர்க் நகரிலுள்ள மோர்கன் நூலகமும் நூதனசாலையும் 2024 ஒக்ரோபர் 25 முதல் 2025 மே 4 வரை நடத்திய, பெல் டா கொஸ்ரா கிறீன் பற்றிய காட்சி இவ்வகையில் ஆராயத்தக்கது.

வங்கியாளர் ஜே. பி. மோர்கன் தமது நூற்செல்வத்தைப் பேணுவதற்கென 1905 இல் நியமித்தவர் கிறீன். 1485 இல் கக்ஸ்ரன் அச்சிட்ட ஆதர் மன்னன் கதைநூலின் குறைவின்றி எஞ்சிய ஒரே பிரதியை, 1911 இல் ஏலத்தில் 42,800 டொலருக்கு வாங்கியவரும் அவரே. மோர்கன் 1913 இல் மறைந்தார். 1924 இல் அவருடைய மகன் நூலகத்தைப் பொது நிறுவனமாக்கியபோது, கிறீன் அதன் முதற் பணிப்பாளராகி 1948 வரை பணியாற்றினார்.

அவரது இயற்பெயர் பெல் மரியன் கிறீனர். 1879 இல் வாஷிங்ரனிற் பிறந்தார். தந்தையார் றிச்சட் கிறீனர், 1870 இல் ஹாவார்ட் கல்லூரியிற் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர். தென் கரோலினாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தபோது அதன் நூலகப் பொறுப்பையும் சிறிது காலம் வகித்தவர். பெற்றோர் பிரிந்தபின் தாயும் பிள்ளைகளும் பெயரை மாற்றி வெள்ளையராய் வாழத் தலைப்பட்டனர். தம் நிறத்துக்குப் போர்த்துக்கேய மூதாதையரைக் காரணங் காட்டினார் கிறீன். 1950 இல் இறப்பதற்கு முன்னர் தம் சொந்தக் கடிதங்களை எரித்துவிட்டார். அவரது பிறப்புப் பதிவைக் கண்டறிந்து 1999 இல் வெளிப்படுத்தியது ஜீன் ஸ்ட்ரௌஸ் எழுதிய மோர்கன் வரலாறு.

ஈண்டு ஓர் ஒப்பீடு மனங்கொள்ளத்தக்கது. 1949 இலும் இதே நூலகம் கிறீனைக் கௌரவித்து ஒரு காட்சியை நடத்தியது. அவர் சேர்த்த ஏடுகளும் நூல்களும் அவரது புலமைக்குச் சான்று பகர்ந்தன. அவரது பிறப்பைப் பற்றி அவை எதுவும் கூறவில்லை, கூறவும் இயலாது. எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் நடைபெற்ற காட்சியோ, வாஷிங்ரனின் கறுப்பினச் சமூகத்திலிருந்து அவரது வாழ்வைத் தொடங்கிற்று. இடைக்கால ஏடுகளுடன் ஆவணங்களும் உருவப்படங்களும் இடம்பெற்றன. பொருள்கள் பல பழையவையே. அவற்றை நோக்கும் வினா புதியது.

தாமே மறைத்த ஒன்றைக் காட்சிக்கு வைத்தல் முறையா எனச் சிலர் வினவலாம். இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. தம் கடிதங்களை அவர் எரித்தார். ஆனால் கலை விமரிசகர் பேர்னாட் பெரென்சனுக்கு எழுதிய அறுநூறு வரையான கடிதங்கள் இத்தாலியில் எஞ்சின. பிறர் கையில் எஞ்சியவற்றைக் கொண்டே அவர் வாழ்வு எழுதப்படுகின்றது. எனினும், அவரது மறைப்பு வெறும் தனிமனித இரகசியமன்று. 1896 இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினையைச் சட்டபூர்வமானதென ஏற்றது. தந்தையின் பெயரோடு அத்தொழிலினுள் நுழைய வழியில்லாத சமூகமே அம்மறைப்பைத் தோற்றுவித்தது. பரபரப்பான இரகசியமாகக் காட்டின் அது அவமதிப்பாகும். சமூக நிலைமையாகக் காட்டின் வரலாறாகும். பிறந்த சமூகத்தோடு அவரை இணைத்துக் காட்டிய அளவில் இக்காட்சி பின்னதன் பாற்பட்டது.

ஆயினும், தனியொருவர் வாழ்க்கையை மையமாகக் கொண்ட காட்சிக்கு ஓர் எல்லையுண்டு. அங்கே மூலதனம் பின்னணியாகிவிடுகின்றது. மோர்கன் 1901 இல் உருவாக்கிய ஐக்கிய அமெரிக்க உருக்குக் கூட்டுத்தாபனத்தின் முதலீடு ஏறக்குறைய 140 கோடி டொலர். அவ்வாண்டிலேயே அதன் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. நூலகத்தின் சலவைக்கற் கட்டடம் 1906 இல் நிறைவெய்தியது. ஏட்டுக்குக் கொடுத்த டொலரும் உலைக்களத்தில் மறுக்கப்பட்ட கூலியும் ஒரே கணக்கேட்டைச் சேர்ந்தவை. நூலகரின் பிறப்பு ஆய்வுக்குரியதெனின், நூலகத்தின் பிறப்பும் அவ்வாறே ஆய்வுக்குரியது. முன்னதை மட்டும் அறிந்து திரும்பும் பார்வையாளர், நிறத்தடையைத் தாண்டிய ஒருவரின் திறமையை வியப்பார். அத்தடையையும் அச்செல்வத்தையும் ஒருங்கே வளர்த்த அமைப்பை உணரார்.

தற்காலிகக் காட்சி முடிந்ததும் இரவற் பொருள்கள் உரியவரிடம் மீளும். ஆகவே, பார்வையாளர் தொகையைக் கொண்டு அதனை மதிப்பிடுதல் போதாது. நிரந்தரச் சேகரிப்பின் விளக்கக் குறிப்புகளிலும் நூற்பட்டியலிலும் அது எம்மாற்றத்தை விட்டுச் செல்கின்றது என்பதே உரைகல். கிறீனின் தந்தை பெயர் அவற்றில் நிலைபெறின் இக்காட்சி தன் கடமையின் ஒரு பாதியைச் செய்ததாகும். மறுபாதி, உருக்குத் தொழிலாளரைப் பற்றியது.