தென்பெண்ணையில் எதை அளக்கிறோம்? ஆற்று மீட்புக் கண்காணிப்பு பற்றி ஒரு மதிப்பீடு

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஒசக்கோட்டை வழியாக வந்து, ஓசூர் அருகே கொடியாளம் பகுதியில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கர்நாடகத்தில் இதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் கழிவுநீரின் உபரி இந்த ஆற்றுக்குத்தான் வந்து சேருகிறது. கெலவரப்பள்ளி மதகுகளுக்குக் கீழே வெண்ணுரை குவிந்து நிற்கும் படத்தை நாளிதழ்களில் பார்க்காதவர் இப்பகுதியில் இருக்க முடியாது.

இந்த ஆற்றை யாரும் அளக்கவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தேசிய நீர்த்தரக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. இரு மாநில வாரியங்களும் மாதிரி எடுக்கின்றன. பெல்லந்தூர் ஏரியின் நிலை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஆனால் இந்த அளவீடுகள் எந்தக் கேள்விக்கு விடை தேடுகின்றன என்பதே இக்கட்டுரையின் விசாரணை. எல்லையில் எடுக்கும் மாதிரி, "குற்றம் யாருடையது?" என்ற கேள்விக்கு விடை தரும். "ஆறு பிழைத்து வருகிறதா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான அளவீட்டை வைத்து இரண்டாம் கேள்விக்கு விடை சொல்கிறோம். ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. ஊர் வளர்ந்த வேகத்தில் அதன் சாக்கடை வசதி வளரவில்லை. எல்லைக்கு மேலே மட்டும் விரல் நீட்டும் கண்காணிப்பு, எல்லைக்குக் கீழே நாம் சேர்ப்பதைக் காட்டாது.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். மத்திய வாரியம் ஆற்று நீரை அதன் பயன்பாட்டைக் கொண்டு அ முதல் உ வரை என்பதுபோல் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. நான்காம் வகுப்பு மீன்வளத்துக்கும் வனவிலங்குக்கும் உரியது. அதற்கு மூன்றே நிபந்தனைகள்: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, கார அமில நிலை 6.5 முதல் 8.5 வரை, தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. மூன்றாவது எண்ணைச் சற்று நின்று கவனியுங்கள். ஐரோப்பாவில் 1978இல் வந்த நன்னீர் மீன் ஆணை, அயனியாகாத அம்மோனியாவுக்கு வைத்த உச்ச வரம்பு 0.025 மில்லிகிராம். சால்மனுக்கும் கெண்டை இனத்துக்கும் அதே வரம்புதான். நம்முடையது ஏறத்தாழ ஐம்பது மடங்கு தளர்வானது. அங்கே மீன் மடியும் அளவு, இங்கே "மீன்வளத்துக்கு ஏற்றது" என்று சான்று பெறும்.

அடுத்தது நேரம். கழிவுநீர் சேர்ந்த அணையில் பாசி பெருகும். பகலில் அது ஒளிச்சேர்க்கை செய்து நீரில் ஆக்சிஜனை நிரப்பும். இரவில் பாசியும் பாக்டீரியாவும் சுவாசித்து அதைத் தீர்த்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் பாடம் இது. ஆக, ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலுக்குச் சற்று முன்புதான். கையால் மாதிரி எடுப்பதோ அலுவலக நேரத்து வேலை. பதினோரு மணிக்குப் புட்டியில் பிடித்த நீர் 7 மில்லிகிராம் காட்டலாம். அதே இடத்தில் அதிகாலை ஐந்து மணிக்கு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறிக்கொண்டிருக்கலாம். மாதம் ஒரு பகல் மாதிரி, மீனுக்கு நேர்வதைச் சொல்லாது.

நுரை விஷயமும் இப்படித்தான். ஆறுகளை வரிசைப்படுத்த வாரியம் முதன்மையாக நம்புவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, சுருக்கமாக பி.ஓ.டி. என்பர். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அது மாசடைந்த பகுதி. 30ஐத் தாண்டினால் முதல் முன்னுரிமை. நுரையை உண்டாக்குவதோ சலவைத்தூளில் உள்ள பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தார் பெல்லந்தூரில் ஆராய்ந்தபோது, அவை ஏரியடிச் சேற்றில் ஒட்டித் தங்குவதையும், பெருமழை சேற்றைக் கலக்கும்போது மீண்டும் நீருக்கு வந்து நுரைப்பதையும் கண்டார்கள். எனவே மேலே கழிவை நிறுத்தினாலும் நுரை உடனே நிற்காது. சேற்றை அளக்காத கண்காணிப்பு இதை முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

செறிவை மட்டும் பார்ப்பதிலும் ஓர் ஏமாற்று உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு. ஆற்றில் விநாடிக்கு 100 கன அடி ஓடுகிறது, பி.ஓ.டி. 20 என்று கொள்வோம். ஒரு நாளில் கடந்து போகும் மாசுச் சுமை சுமார் 4,900 கிலோ. மழைக்குப் பின் 400 கன அடி ஓடி, பி.ஓ.டி. 10 ஆகக் குறைந்தால் சுமை சுமார் 9,800 கிலோ. அறிக்கையில் பாதியாகக் குறைந்தது என்று எழுதுவோம். அணைக்கு வந்து சேர்ந்ததோ இரட்டிப்பு. அணைகளின் நீர்வரத்தை நீர்வளத் துறையினர் குறித்து வைக்கிறார்கள். அந்தப் பதிவும் வாரியத்தின் பதிவும் ஒரே தாளில் அருகருகே வர வேண்டும் என்பது பெரிய கோரிக்கை அல்ல.

இனி மீன். இங்கே நமக்குப் பக்கத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மேற்கு ஓரமாக ஓடும் காவிரி, திமில் மகாசீர் என்ற பெருமீனின் வீடு. 1998 முதல் 2012 வரை கர்நாடகக் கரையிலுள்ள காலிபோர் தூண்டில் முகாமில், பிடித்து விட்டுவிடும் மீன்களைப் பதிவு செய்து வந்தார்கள்: 23,000 மணி நேரத்துக்கும் மேலான தூண்டில் உழைப்பு, 6,000க்கும் மேற்பட்ட மீன்கள். பிண்டர், ராகவன், பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் அந்த ஏட்டை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் மகாசீர் பெருகியிருந்தது. இனம் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெருகியது, 1970களில் தொடங்கி பண்ணைக் குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகாசீர். காவிரிக்கே உரிய திமில் மகாசீர் குறைந்து வந்தது. அகப்பட்டவற்றின் சராசரி எடையோ கூடியிருந்தது. எடை கூடுவது நல்ல செய்தி அல்ல. கிழடுகள் மட்டும் மிஞ்சி, குஞ்சுகள் வரவில்லை என்று அதற்குப் பொருள். 2018இல்தான் இதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானது. அதே ஆண்டு மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. பெயர் தெரியுமுன்பே அழிவின் விளிம்புக்குப் போன மீன். முகாம்கள் மூடப்பட்டதோடு அந்த ஏடும் 2012இல் நின்றுபோனது. தடையின் நன்மை தீமை ஒருபுறமிருக்க, அளவீடு நின்றதற்கு ஈடாக வேறொன்று தொடங்கப்படவில்லை என்பதே என் குறை.

கிருஷ்ணகிரி அணையிலும் இதையே கேட்க வேண்டும். அங்கே மீன்குஞ்சு விடுகிறார்கள்; மீன்பிடியும் நடக்கிறது. பிடிபட்ட எடை கூடினால் ஆறு தேறியது என்று பொருளல்ல. திலேப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மற்ற மீன் சாகும் நீரிலும் வாழும். எத்தனை கிலோ என்பதோடு எந்த மீன், எந்த அளவு, விட்டதா தானே பிறந்ததா என்றும் எழுத வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றில் இருந்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014க்குள் இடித்தார்கள், சால்மன் திரும்பி வருவதற்காக. இடிக்குமுன்பே ஆற்றின் நிலையைப் பதிந்து வைத்திருந்ததால் பின்பு ஒப்பிட முடிந்தது. ஒலியலைக் கருவியால் மீன்களை எண்ணினார்கள். திரும்பிய சினூக் சால்மனில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தது என்பதையும், குஞ்சுகளுக்கு இட்ட அடையாளத்தால் கண்டுபிடித்து வெளிப்படையாக எழுதினார்கள். ஆனால் அமெரிக்காவையே முன்மாதிரி என்று கொண்டாட வேண்டாம். 2005இல் சயன்ஸ் இதழில் வந்த தொகுப்பாய்வு அந்நாட்டின் 37,000க்கு மேற்பட்ட ஆற்று மீட்புத் திட்டங்களைப் பார்த்தது. ஏதேனும் ஒரு வகைக் கண்காணிப்பு நடந்ததாகப் பதிவிருந்தவை பத்தில் ஒரு பங்குதான்.

தென்பெண்ணைக்குப் பெரும் பணம் தேவையில்லை. கொடியாளம், கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை ஆகிய மூன்று இடங்களில் இரவு பகலாகப் பதியும் ஆக்சிஜன் மானி. ஆண்டுக்கு இருமுறை சேற்று மாதிரி. வலையில் விழும் மீனை இனவாரியாகக் குறிக்க மீனவர் சங்கத்திடம் ஒரு நோட்டு. ஒப்பிட்டுப் பார்க்க, பெங்களூரு கழிவு சேராத சூளகிரிச் சின்னாறு இருக்கிறது. ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும் என்பதால் மழைக்காலத்து ஒப்பீடு மட்டுமே கிடைக்கும். இவற்றை மேலே புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் முழுமையாக ஓடத் தொடங்குமுன் ஆரம்பிக்க வேண்டும். பிறகு தொடங்கினால் எதோடு ஒப்பிடுவது?