'ஆன் த கான்ட்ரரி': ஒரு வகைப்பாட்டுக் குறை

குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணம் 'ஆன் த கான்ட்ரரி', 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்னும் இணைப்புத் தொடர்களை எதிர்நிலைப் பொருளன என ஒரே வகையில் அடக்குகிறது. பொருளளவில் இது ஏற்கத்தக்கதே. வழக்கை விளக்கப் போதாது.

பின்னது இரு செய்திகளை எதிரெதிரே நிறுத்துகிறது. இரண்டும் உண்மையாக நிலைபெறும். அண்ணன் குட்டை, தம்பி நெட்டை என்பது போல. முன்னதோ மறுப்புத் தொடர். எழுத்து வழக்கில் பெரும்பாலும் எதிர்மறை வாக்கியத்தை அடுத்தே வரும். 'அவர் சோம்பேறி அல்லர்' என்பதன்பின் 'ஆன் த கான்ட்ரரி, அயராது உழைப்பவர்' என அமையும்போது அவ்விரு வாக்கியங்களுக்கிடையே முரணே இல்லை. இரண்டாவது முதலாவதை வலியுறுத்துகிறது. முரண், மறுக்கப்பட்ட 'அவர் சோம்பேறி' என்னும் கூற்றோடுதான். உரையாடலில் அக்கூற்று மற்றவர் வாயிலிருந்து வரும்.

மொழிபெயர்ப்போர் (யானும் விலக்கல்லேன்) இரண்டுக்கும் 'மாறாக' என்றே எழுதிவிடுகிறோம். மறுப்புக்கு அது பொருந்தும்: 'சோம்பேறி அல்லர், மாறாக, உழைப்பாளி'. 'அண்ணன் குட்டை; மாறாக, தம்பி நெட்டை' என்பதோ செவிக்கு உறுத்துகிறது. அங்கே தனித்தொடரே வேண்டா. 'தம்பியோ நெட்டை' என ஓகார இடைச்சொல் அப்பணியைச் செய்துவிடும்.