தீர்க்கதரிசி என்ற சொல்

எபிரேய வேதத்தின் நபிமார்களுக்கு நம் மொழியில் 'தீர்க்கதரிசி' என்ற பெயர் வாய்த்தது சிறிய விஷயமல்ல. நெடுந்தொலைவு காண்பவன் என்னும்போதே அவன் பார்வை நாளையின்மீது திருப்பப்பட்டுவிடுகிறது. இன்றைப் பற்றி அவன் சொன்னது வாசகனின் பிரக்ஞைக்கு எட்டுவதில்லை. மூலச்சொல், அரபு வழியாக இஸ்லாமியத் தமிழில் நாம் அறிந்த 'நபி'யின் உறவு. அழைத்தல் என்ற வேரோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதே வழக்கம். அழைக்கப்பட்டவன், இன்னொருவரின் வாயாக நின்று பேசுபவன். 1995இல் வந்த திருவிவிலியம் 'இறைவாக்கினர்' என்று மாற்றியது நியாயமே. சொல் மாறியும் வாசிப்பு மாறவில்லை.

காண்பவன் என்று பொருள்படும் சொல் எபிரேயத்திலும் உண்டு. ஆமோஸை அப்படி விளிப்பது யார் என்று கவனிக்கவேண்டும். பெத்தேல் கோயில் பூசாரி அமத்சியா. இது ராஜாவின் கோயில், யூதாவுக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள் என்று விரட்டும்போது அப்படிக் கூப்பிடுகிறான். கி.மு. 8ஆம் நூற்றாண்டு, இரண்டாம் யெரொபெயாமின் செழிப்பான காலம். ஆமோஸ் தான் நபியுமில்லை, நபியின் மகனுமில்லை, மந்தை மேய்த்துக் காட்டத்தி மரம் பார்க்கிறவன் என்கிறான். குறி சொல்லிப் பிழைப்பவனாகத் தன்னை எண்ணுவதை மறுக்கிறான்.

அவன் சொன்னவை மிக ஸ்தூலமானவை. படியைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்குவது. ஒரு ஜோடிச் செருப்புக்கு ஏழையை விற்பது. அடகு பிடித்த துணியை விரித்துப் பலிபீடத்தருகே படுப்பது. ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று யாத்திராகமத்திலேயே சட்டம் இருக்கிறது. ஊரறிந்த சட்டத்தை, அதை மீறியவன் முகத்துக்கு நேரே சொன்னதுதான் ஆமோஸின் காரியம்.

நான் வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்காருபவன். திற்பரப்புப் பக்கம் மழை தொடர்ந்தால் ரப்பரில் பால்வெட்டு நின்றுவிடும். கூலி நின்றால் கம்மல் எங்களிடம் வரும். அதே மழையில் கோதையாற்று அருவி நிறைந்து விழும். வேடிக்கை பார்க்க வெளியூர்க் கூட்டம் வரும். ஏல நோட்டீஸ்களைத் தயார்செய்த ஒரு சனிக்கிழமை மாலை அங்கே நின்றபோதுதான், நீதியை வற்றாத ஓடையாகக் கேட்கும் ஆமோஸின் படிமம் எனக்குப் பிடிபட்டது. அதுவரை அதை வெள்ளத்தின் வேகமாகவே படித்திருந்தேன். அவன் நாட்டு ஓடைகள் பெரும்பாலும் மழையில் சீறிவிட்டுக் கோடையில் வெறும் கல்லாகக் கிடப்பவை. வேகம் அவற்றுக்கும் உண்டு. அவன் கேட்பது வற்றாமையை. முந்தின வரிகளில் அவனுடைய கடவுள் திருவிழாக்களையும் பலிகளையும் பாட்டையும் வேண்டாமென்று தள்ளுகிறார். பருவத்துக்குப் பொங்கி அடங்கும் பக்தி போதாது என்பதே படிமத்தின் தர்க்கம். தட்சனின் யாகத்தைக் கலைத்த வீரபத்திரரை அருவிக்கரைக் கோயிலில் கும்பிடும் ஊருக்கு இது அந்நியமான எண்ணமாக இருக்கவேண்டியதில்லை.

இந்த மாவட்டத்திலேயே இப்படி ஒரு குரல் எழுந்திருக்கிறது. 1841இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் அகிலத்திரட்டு அம்மானை, பனையேறிகள்மீது விழுந்த வரிகளையும் கூலியில்லா ஊழியத்தையும் சொல்லித் திருவிதாங்கூர் மன்னனை நீசன் என்கிறது. வைகுண்டரை அந்த அரசு சிறையில் வைத்தது. ராஜாக்கள் ஜோசியர்களைச் சிறையில் வைப்பதில்லை. அகிலத்தில் வரப்போகும் தர்மயுகம் உண்டு. ஆமோஸின் முடிவிலும் மீட்பு உண்டு. குற்றச்சாட்டைத் தாண்டிக் குதித்து அந்தப் பகுதிக்கு மட்டும் போய்ச்சேர்ந்து, எது பலித்தது என்று கணக்குப் பார்ப்பவர்கள் இரண்டு நூல்களுக்கும் இருக்கிறார்கள். பலித்ததா என்று கேட்பவன் குற்றப்பத்திரிகையில் தன் பெயர் இல்லை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்கிறான்.

அடகுத் துணியைப் பற்றிய வரியைப் பழைய சரித்திரமாகப் படிக்க இனி என்னால் ஆகாது. திங்கட்கிழமை நோட்டீஸ்கள் தபாலில் போயின. முகவரி எழுதியவன் நான்.