ஃபோக்போட்டின் எடை எங்கே இருக்கிறது

சிறிய பாய்மரப் படகுகளில் ஃபோக்போட்டை அதன் வடிவழகுக்காகப் புகழ்பவர்கள் அதிகம். 1942-இல் ஸ்வீடனில் டோர்ட் சுண்டேன் வரைந்த இந்தப் படகின் மேன்மை தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது என்பேன். நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20 மீட்டர், எடை ஏறத்தாழ 2 டன். அந்த எடையில் பாதிக்கும் மேல், படகின் அடித்தண்டான ஏராவின் கீழே பூட்டிய வார்ப்பிரும்பு. காற்று அடித்துப் படகைச் சாய்க்கச் சாய்க்க, அந்த இரும்பு நிமிர்த்தும் விசையும் கூடிக்கொண்டே போகும். சுக்கானைத் தனியே தொங்கவிடாமல் ஏராவின் பின்விளிம்பிலேயே பொருத்தியிருப்பதால், மிதந்து வரும் மரக்கட்டை அதில் நேராக மோதாது. பக்கப் பலகைகளைப் பாருங்கள்: ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறி நிற்க, செப்பு ஆணி இரண்டையும் இறுக்குகிறது. அந்த இணைப்பே உடலுக்கு விறைப்பும் தருகிறது.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, அலை தெறித்து ஆள் நனைவார் என்று குறை சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். இதே நீளத்தில் இன்று வரும் படகுகளில் சமையலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. ஆனால் அந்த இடவசதி அகலத்தையும் உயரத்தையும் கூட்டிப் பெற்றது. அகன்ற படகு நன்றாகச் சாயும்போது சுக்கான் நீரை விட்டு மேலெழுந்து பிடி தளரும். வேகம் போதாது என்பவர்களுக்கு 1960-ஆம் ஆண்டின் தனியாள் அட்லாண்டிக் பந்தயமே பதில். அதில் வென்ற சிசெஸ்டர் சுமார் 12 மீட்டர் படகில் 40 நாளில் நியூயார்க் சேர்ந்தார். மாற்றியமைத்த ஃபோக்போட்டான ஜெஸ்டரில், சீனப் பாணி ஒற்றைப் பாயுடன் வந்த ஹாஸ்லருக்கு ஆனது 48 நாள், இரண்டாம் இடம்.