ஏவலும் எதிர்மொழியும்: ஜேம்ஸ் பிரவுனின் ஓர் இசைத்தொகுப்பு

ஜேம்ஸ் பிரவுன் 1970இல் வெளியிட்ட 'செக்ஸ் மெஷின்' என்னும் இரட்டை இசைத்தட்டு, ஃபங்க் இசையின் முதன்மையான பதிவுகளுள் ஒன்று. 'ஜேபீஸ்' குழு இசைக்கும் அதன் தலைப்புப் பாடல் 10 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. சொற்களோ மிகச் சில. எழுத்தில் மட்டும் காண்போர் இதனைச் சொல்வறுமை எனக் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. இப்பாடலின் தொடர்களுள் பல கேட்போரை நோக்கியன அல்ல. உடன் இசைப்போரை நோக்கிய ஏவல்களும் வினாக்களும் ஆகும். பிரவுன் இசைவு கேட்கிறார், பாபி பேர்டு விடை தருகிறார், இசை திரும்புகிறது. இங்குச் சொல்லே செயலாகிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, கோட்டுகால் முதலிய ஊர்களை உள்ளடக்கிய தென்திருவிதாங்கூருக்குரிய வில்லுப்பாட்டிலும் இத்தகைய அமைப்பு உண்டு. புலவர் கூற, துணைப்பாடகர் 'ஆமா' என ஏற்பர். ஆயின் அங்கு எதிர்மொழி கதையை நகர்த்துகிறது. இங்கு இசையை நகர்த்துகிறது.

மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். 'பிரிட்ஜ்' என்பது பாடலின் இடைப்பகுதியைக் குறிக்கும் இசைவாணர் குழூஉக்குறி. அதனைப் 'பாலம்' எனப் பெயர்த்தால் ஏவல் பொருளிழக்கும்.

இத்தொகுப்பில் ஒரு குறையும் உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான இப்பாடலை அரங்க நிகழ்ச்சியாகக் காட்டும் பொருட்டுக் கைதட்டல் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அவையோரின் ஆரவாரம் புனைவு. குழுவினரின் மறுமொழியே உண்மை. பாடலின் பொருளும் அம்மறுமொழியிலேயே அமைகிறது.