அடக்கமில்லாத் தர்கா

தர்காவின் சிறப்பை அதனுள் அடங்கிய உடலைக்கொண்டே அளப்பார் உளர். கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளி அவ்வளவைக்கு உட்படுவதன்று. அங்கே போற்றப்பெறும் சாகுல் ஹமீது ஆண்டகை அடக்கமாகியிருப்பது நாகூரிலாகும். நாகூரின் ஐந்து மனோராக்களுள் 131 அடி உயர்ந்ததனைத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் எழுப்பினார். கடல் கடந்தோர் அவ்வடக்கத்தைப் பெயர்த்துச் செல்லவியலாது. ஆண்டகையின் பெயரையும் நினைவையுமே கொண்டுசென்றனர். சிங்கப்பூரில் 1828-1830இல் எழுந்த நாகூர் தர்காவும் இவ்வகையதே. அக்கட்டடம் பேணப்பெற்று, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை மையமாயிற்று. கல்முனையிலோ, 2004இல் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கிய பின்னும் ஆண்டுக் கொடியேற்றம் தொடர்ந்தது. ஆங்கே கட்டடம் காக்கப்பெற்றது; ஈங்கே வழக்குக் காக்கப்பெற்றது. ஆதலின், அடக்கமின்மை பற்றி இதனைப் போலியென இகழ்தல் பொருந்தாது. ஆராய்வோர் அளவுநாடாவோடு அமையாது, கொடியேறும் நாளிலும் அங்குச் செல்லுதல் வேண்டும்.