பந்து வந்து அமரும் விதம்

ஃபிளாஷ் என்ற அசைபட மென்பொருளில் நான் முதலில் வரைந்தது ஒரு சிவப்புப் பந்து. டைம்லைனின் முதல் கட்டத்தில் பந்தின் இடத்தைக் குறிக்கும் ஒரு கீஃபிரேம், 24-ஆம் கட்டத்தில் இன்னொன்று. நடுவே ட்வீன் கொடுத்தால் இடைப்பட்ட படங்களை மென்பொருளே போட்டுக்கொள்ளும். நொடிக்கு 12 படம் என்ற அன்றைய கணக்கில், இரண்டு நொடியில் பந்து திரையைக் கடந்தது. அழகுதான். ஆனால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே பாதை, அதே வேகம்.

2000-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் ஃபிளாஷின் நிரல் வசதியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் முழு மொழியாக வளர்ந்தது. எனக்கு ருசி பிடிபட்டது அங்கேதான். பந்துக்கு ஒரு பெயர் வைத்து, ஒரே வரியில் கட்டளை: ஒவ்வொரு படத்திலும், மவுஸுக்கும் உனக்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகர். தூரம் 200 பிக்சல் என்றால் முதல் நகர்வு 20, அடுத்தது 18, பிறகு 16.2. நெருங்க நெருங்க வேகம் தணிந்து, வயலில் கொக்கு இறங்குவதுபோலப் பந்து வந்து அமரும். பத்தை இரண்டாக்கினால் அதே பந்துக்குப் பதற்றம் வந்துவிடும். எந்த எண் சரி? அதைக் கண்தான் சொல்லும். வரையத் தெரிந்த கண் நிரலுக்குள்ளும் வேலை செய்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு நின்றது. அதே வரியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் பார்த்தேன். நொடிக்கு 60 முறை ஓடும் திரையில் பந்து பாய்ந்தது. பத்தில் ஒரு பங்கை ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தேன். பழையபடி வந்து அமர்ந்தது.